புழக்கடைப் பறவைகளைப் படமெடுப்பதும் படங்களைச் செப்பனிடுவதும்: சேலம், ஏற்காட்டுப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் புதிதாகக் கேமரா வாங்குபவர்கள் பெரும்பாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். மதியம் திரும்பி வந்து படங்களைத் திறந்து பார்த்தால், உயரமான சில்வர் ஓக் மரத்தின் உச்சியில், வெளுத்த வானத்துக்கு எதிரே, பறவை ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் அலைந்தேன். கன்னங்குறிச்சிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டுப் புழக்கடையில், கிணற்றடி ஓரமாக உட்கார்ந்து எடுத்த ஒரு கொண்டைக்குருவியின் படம்தான் எனக்கு முதன்முதலாக நிறைவைத் தந்தது. பறவையைத் தேடி ஓடுவதைக் காட்டிலும், அது நாள்தோறும் வந்துபோகும் இடத்தில் கிளையையும் வெளிச்சத்தையும் பின்னணியையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துவிட்டு அமைதியாகக் காத்திருப்பதே புதியவருக்கு உகந்த வழி என்று அன்று முதல் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் வாரம்: கேமரா இல்லாமல் பார்ப்பது

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காலை ஆறரை முதல் எட்டு வரையிலும், மாலை நான்கு முதல் ஐந்தரை வரையிலும் ஒரு வாரம் பாருங்கள். எந்தப் பறவை எத்தனை மணிக்கு வந்தது, எங்கே முதலில் அமர்ந்தது, அடுத்து எங்கே இறங்கியது, அந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்ற நான்கையும் குறித்துக்கொண்டால் போதும். முருங்கை, கொய்யா, செம்பருத்தி ஆகியவற்றோடு கொஞ்சம் மண்தரையும் உள்ள ஒரு சாதாரணச் சேலத்து வீட்டில் கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், மைனா, சின்னத் தவிட்டுப்புறா, செம்போத்து ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். பப்பாளி பழுத்து நின்றால் குயில் வரும். அக்டோபர் மாதத்தில் காலையிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை போன்ற குரல் கேட்டால், வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி உங்கள் வேலியோரச் சருகுகளில் இரை தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

இந்த ஒரு வாரத்தில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பறவையும் தண்ணீருக்கோ பழத்துக்கோ நேராக வந்து இறங்குவதில்லை. முதலில் ஓர் உயரமான கிளையில் அமர்ந்து பூனையோ வல்லூறோ இருக்கிறதா என்று சுற்றிலும் பார்க்கும். பிறகு தாழ்ந்த ஒரு கிளைக்கு இறங்கி மீண்டும் ஒருமுறை பார்க்கும். அதன் பின்னரே தண்ணீருக்கு வரும். இரண்டாவதாக அமரும் அந்தத் தாழ்ந்த இடத்தை நான் இடைக்கிளை என்று அழைக்கிறேன். பறவை உங்கள் கண்மட்டத்துக்கு அருகில், தலையை உயர்த்தி, உடல் விழிப்போடு நிற்கும் இடம் அதுவே. நல்ல படங்களில் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கும்.

வெயிலின் போக்கையும் இந்த வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். சேலம் ஏறக்குறைய வடக்கு அட்சரேகை 11.6 பாகையில் உள்ளதால், டிசம்பரில் தென்கிழக்கில் எழும் சூரியன் ஜூனில் வடகிழக்கில் எழுகிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே மார்கழியில் நாளெல்லாம் நிழலில் கிடந்த வடபுறச் சுவர் ஆனி மாதத்தில் நல்ல வெளிச்சம் பெறும். தைப் பொங்கலுக்கு ஏற்ற இடத்தில் நட்ட கிளையை வைகாசியில் இடம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

தண்ணீர், கிளை, பின்னணி

தானியத்தைவிடத் தண்ணீரே அதிக வகைப் பறவைகளை அழைத்து வருகிறது. பூச்சி தின்னும் தையல்சிட்டும் தேன் குடிக்கும் சிட்டும் கம்புக்கோ தினைக்கோ வருவதில்லை, ஆனால் சித்திரை வெயிலில் குளிக்க வருகின்றன. பூச்சு இல்லாத, வாய் அகன்ற ஒரு மண் தட்டு போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. ஆழம் கூடினால் சிறு பறவைகள் இறங்கத் தயங்கும். நடுவில் சொரசொரப்பான ஒரு கல்லை வைத்தால் அவை காலூன்றிக் குளிக்கும். தண்ணீரை நாள்தோறும் மாற்றி, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். இதில் சோம்பல் பட்டால் கொசுவும் பறவைகளுக்கு நோயும் பெருகும். பூனை நடமாட்டம் உள்ள தெருவில் தட்டைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு உயரமுள்ள ஒரு கல்தூணின் மீது வையுங்கள். பறவை பாய்ந்து ஒளிய ஏழெட்டு அடி தொலைவில் ஒரு செடி இருக்கட்டும்; செடி தட்டை ஒட்டியே இருந்தால் பூனை பதுங்க அதுவே வசதியாகிவிடும்.

உணவாக உப்பிட்ட மிச்சச் சோற்றையும் மிக்சரையும் போடுவதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். பழுத்த பப்பாளித் துண்டு, கொய்யா, கொஞ்சம் தினை ஆகியவை போதும். செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை ஆகிய மூன்றும் இருந்தால் தேன்சிட்டுகளுக்கு நீங்கள் எதுவும் வைக்கத் தேவையில்லை.

அடுத்து, இடைக்கிளையை நீங்களே அமைக்கலாம். காய்ந்த கொய்யாக் கிளை ஒன்றை, விரல் பருமனில், பட்டை உரியாமல் தேர்ந்தெடுத்து, ஒரு வாளி மணலில் ஊன்றித் தண்ணீர்த் தட்டுக்கு மூன்றடி தொலைவில் வையுங்கள். கிளை பெருத்திருந்தால் தேன்சிட்டின் கால்கள் மறைந்து படம் அழகு இழக்கும். இரண்டு மூன்று நாள்களில் பறவைகள் அதைப் பழகிக்கொள்ளும். கிளைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் எதுவும் இல்லாதிருந்தால் பின்னணி கலங்கி, மெல்லிய ஒரே நிறமாக விழும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரோ கொடியில் காயும் துணியோ பின்னால் இருந்தால் வாளியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். இப்படி நகர்த்துவதற்காகவே கிளையைத் தரையில் நடாமல் வாளியில் ஊன்றச் சொல்கிறேன்.

நீங்கள் உட்காரும் இடம் கிளைக்கும் சூரியனுக்கும் நடுவில், சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி அமைய வேண்டும். வீட்டு ஜன்னலே மிகச் சிறந்த மறைவிடம். அறை விளக்கை அணைத்து, கம்பிகளுக்கு நடுவே லென்ஸ் போகும் அளவு இடைவெளி விட்டுப் பழைய கருநிறத் துணியைத் தொங்கவிட்டால் உங்கள் அசைவு வெளியே தெரியாது. கண்ணாடியைத் திறக்க இயலாவிட்டால் லென்ஸின் முகப்பைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள். சாய்வாகப் பிடித்தால் கூர்மை குறையும். கேமராவின் ஷட்டர் ஒலி அணைக்கக் கூடியதாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக

கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். கைப்பேசி மட்டும் உள்ளவர்கள் அதை முக்காலியில் பொருத்தித் தண்ணீர்த் தட்டுக்கு மூன்றடி தொலைவில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பின்னால் இருந்து புளூடூத் பொத்தானால் எடுக்கலாம். விரலால் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமை நாடாதீர்கள், அது பின்னர் வெட்டி எடுப்பதற்கு ஒப்பானதுதான். கேமரா வாங்குவதானால் லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றும் போதும். லென்ஸ் மாற்ற விரும்பாதவர்களுக்கு நிகான் பி950 போன்ற, 24 முதல் 2000 மி.மீ. வரைக்கு நிகரான ஜூம் உள்ள கேமராக்கள் உள்ளன. அவற்றில் ஒளியைப் பதியும் தகடான சென்சார் மிகச் சிறியது என்பதால் மங்கலான வெளிச்சத்தில் படம் மணல்மணலாகும்.

300 மி.மீ. போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் உள்ள ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரில் 5 மீட்டர் தொலைவில் 300 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 39 செ.மீ. அகலத்தைப் பிடிக்கும். கொண்டைக்குருவியின் நீளம் சுமார் 20 செ.மீ.; ஆகவே அது படத்தில் பாதி அகலத்தை நிரப்பும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு 10 செ.மீ. மட்டுமே என்பதால் கால்பங்கு அகலத்தில் நிற்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்தக் கால்பங்கு என்பது 1500 பிக்சல். கைப்பேசித் திரைக்கும் சிறிய அச்சுக்கும் அது தாராளம். அதே பறவை 10 மீட்டரில் இருந்தால் 750 பிக்சலாகச் சுருங்கிவிடும். லென்ஸுக்குச் செலவிடும் பணத்தால் கிடைப்பதைக் கிளையைப் பாதித் தொலைவுக்குக் கொண்டுவருவதாலேயே பெற்றுவிடலாம்.

கேமராவில் வைக்க வேண்டிய அளவுகள்

கேமராவை மேனுவல் முறையில் வைத்து, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். கிளையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500 விநாடி ஷட்டர் வேகம் போதும். ஆனால் தேன்சிட்டும் தையல்சிட்டும் அமர்ந்திருக்கும்போதும் தலையைச் சொடுக்கிக்கொண்டே இருப்பதால் 1/1000 விநாடிக்குக் குறையாதீர்கள். குளியலில் தெறிக்கும் நீர்த்துளிகளை உறைய வைக்க 1/2000 விநாடி வேண்டும். லென்ஸின் துவார அளவான அபெர்ச்சரை எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 என்று வைக்கலாம். ஐஎஸ்ஓவின் மேல்வரம்பை 3200 என்று தொடங்கி, படங்களைப் பார்த்த பிறகு 6400 வரை உயர்த்தலாம். மணல்மணலாக வந்த படத்தை மென்பொருள் ஓரளவு சரிசெய்யும், அசைந்து குழைந்த படத்தை எதுவும் சரிசெய்யாது. ஆகவே சந்தேகம் வரும்போது ஐஎஸ்ஓவை உயரவிட்டு ஷட்டர் வேகத்தைக் காப்பாற்றுங்கள்.

ஃபோகஸைத் தொடர் ஃபோகஸ் முறைக்கு மாற்றி, ஒற்றைப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி உள்ள புதிய மிரர்லெஸ் கேமராக்களில் அதை இயக்கிக்கொள்ளலாம். 5 மீட்டரில், 300 மி.மீ.யில், எஃப்/5.6இல் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. மட்டுமே. பறவை உங்களை நோக்கி நேராக நின்றால் கண் கூர்மையாகவும் வால் கலங்கியும் விழும். பக்கவாட்டில் நிற்கும்போது அலகு முதல் வால் வரை ஒரே தளத்தில் வந்துவிடும். தலையை மட்டும் சற்று உங்கள் பக்கம் திருப்பும் கணத்தில் பொத்தானை அழுத்துங்கள். அந்த ஒரு திருப்பத்தில்தான் கண்ணில் வானத்தின் சிறு வெள்ளைப் பொட்டு விழும். அந்தப் பொட்டு இல்லாத கண் உயிரற்றதாகத் தெரியும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில், புதியவர்கள் தடுமாறுவது கரிய பறவைகளிடமும் வெள்ளைப் பறவைகளிடமும்தான். படத்தில் எது அதிக இடத்தை அடைக்கிறதோ அதைச் சாம்பல் நிறமாக்கவே கேமரா முயலும். வானத்துக்கு எதிரே கரிச்சான் அமர்ந்திருந்தால் கேமரா வானத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை +1 முதல் +2 வரை வையுங்கள். இருண்ட மாமர நிழலுக்கு எதிரே வெயிலில் கொக்கு நின்றால் கேமரா நிழலைப் பார்த்துப் படத்தை வெளுக்கும். அப்போது −1 வைக்க வேண்டும். குண்டுக்கரிச்சான் ஒரே உடலில் கருப்பும் வெள்ளையும் கொண்டது என்பதால் வெள்ளைச் சிறகு வெளிறாமல் காப்பதே முதன்மை. கருப்பை, சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலிருந்து பின்னர் மீட்கலாம், வெளிறிப்போன வெள்ளையில் மீட்க எதுவும் இருக்காது. இதனாலேயே ஜேபெக்கில் மட்டும் எடுக்காமல் ரா கோப்பாக எடுக்கச் சொல்கிறேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மே மாதத்தில் ஒரு மாலை, நாலேமுக்கால் மணி இருக்கும். கொண்டைக்குருவி ஒன்று முருங்கையின் உச்சியிலிருந்து கொய்யாக் கிளைக்கு இறங்கி, கொண்டையை விறைத்து இருபுறமும் பார்த்துவிட்டு, தட்டின் விளிம்பில் தொற்றியது. முதலில் ஒரு மிடறு குடித்துத் தலையை அண்ணாந்து விழுங்கியது. பிறகு கல்லின் மீது ஏறி, மார்பைத் தண்ணீரில் அழுத்தி, இறக்கைகளை மூன்று முறை படபடவென்று அடித்தது. சாய்ந்த வெயிலில் துளிகள் பறவையைச் சுற்றி ஒரு வளையம்போல் எழுந்தன. மூன்று நொடிகளில் குளியல் முடிந்தது. அடுத்த பத்து நிமிடமும் அது அதே கொய்யாக் கிளையில் அமர்ந்து ஒவ்வோர் இறகாக அலகால் நீவிக்கொண்டிருந்தது. குளியலைப் படமெடுக்க முயன்று தவறவிட்டவர்கள் கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டாம். நனைந்த பறவை உலர்ந்து முடிக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் புதியவருக்குக் கிடைக்கும் மிக நீண்ட வாய்ப்பு.

ஏற்காட்டில் மாறுபவை

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பறவைகளும் ஒளியும் வேறாகின்றன. சேலத்து வீடுகளில் நாள்தோறும் பார்க்கும் கொண்டைக்குருவிக்கு மாறாக, கூரிய கருங்கொண்டையும் கன்னத்தில் சிவப்புத் திட்டும் உடைய செம்மீசைச் சின்னான் தோட்டங்களில் நிறைந்திருக்கும். குக்குறுவான்களின் குரல் காலை முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும் பூத்திருக்கும் காலத்தில் தேன் குடிக்கும் பறவைகள் அங்கே குவியும். தோட்டங்கள் தனியாருக்கு உரியவை. மேஸ்திரியிடமோ உரிமையாளரிடமோ கேட்டு, அவர் காட்டும் பாதையில் மட்டும் நடங்கள்.

காப்பிச் செடிகளின் நிழலில் வெளிச்சம் மிகக் குறைவு. காலை எட்டு மணிக்குக்கூட 1/500 விநாடிக்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்படலாம். ஆகவே தோட்டத்தின் நடுவில் நிற்காமல், பாதை திறந்து வானம் தெரியும் ஓரத்தில் நில்லுங்கள். பனிமூட்டம் வந்தால் பலர் கேமராவை மூடிவிடுகிறார்கள். மூட்டம் இயற்கையான ஒரு வெண்திரைபோல் ஒளியைப் பரப்புவதால் இறகுகளில் கடுமையான நிழல் விழாது. பறவை 5 மீட்டருக்குள் இருக்குமானால் அதைவிட மென்மையான ஒளி கிடைக்காது. எக்ஸ்போஷர் ஈட்டை +0.7 அளவில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

ஈரத்திலிருந்து கருவியைக் காப்பது மலையில் மிக முக்கியம். மழைக்காலத்தில் மலை வீட்டு அலமாரியில் தோல்பைக்குள் வைத்த என் லென்ஸ் ஒன்றில் நான்கு மாதங்களில் பூஞ்சை படர்ந்து, துடைத்த பிறகும் தழும்பு போகவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள். குளிர்ந்த கேமராவோடு மலையிலிருந்து இறங்கிய உடனே சேலத்துப் புழுக்கத்தில் பையைத் திறந்தால் கண்ணாடியில் நீர் கோத்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டுவைத்துப் பிறகு திறங்கள்.

கூடு

கூட்டைப் படமெடுக்காதீர்கள். இதை ஒரு விதியாகவே சொல்கிறேன். தொடங்கிய காலத்தில் எங்கள் வேலியில் கொண்டைக்குருவி கட்டிய கூட்டை மறைத்த ஒரு சிறு கிளையை, தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒதுக்கிக் கட்டினேன். நான் விலகிய ஒரு மணி நேரத்துக்குள் காகம் மூன்று முட்டைகளையும் எடுத்துச் சென்றுவிட்டது. கிளை விலகியதால் நிழலும் மறைவும் போயிற்று. நான் அடிக்கடி சென்றுவந்ததைக் காகம் மதில்மேல் இருந்து கவனித்துக்கொண்டிருந்தது. தாய்ப்பறவை அன்று மாலை வரை அந்த வேலியைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. தையல்சிட்டு அகன்ற இலைகளின் விளிம்பைத் துளைத்து நாரால் தைத்துக் கட்டும் கூடு எவ்வளவு வியப்பாக இருந்தாலும், தொலைவில் இருந்து கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே வகைத் தீங்குதான். எல்லைக்குள் போட்டிப் பறவை நுழைந்துவிட்டது என்று எண்ணி அது உணவையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலைகிறது.

படங்களைச் செப்பனிடுதல்

முதல் வேலை நீக்குவது. ஒரு காலையில் 400 படங்கள் எடுத்திருந்தால், அவற்றைத் தேதியிட்ட கோப்புறையில் கணினிக்கு மாற்றி, வேறொரு வட்டில் ஒரு நகல் வைத்த பிறகு, ஒவ்வொன்றையும் நூறு விழுக்காடு பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள். கண் கூர்மையாக இல்லாத படங்களை, எவ்வளவு அரிய பறவையானாலும், அடையாளம் காண ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரே தொடராக எடுத்த பதினைந்து படங்களில் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். 400 படங்கள் பத்தாகக் குறைந்தால் அது நல்ல காலை.

மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. கணினியில் டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இரண்டும் ரா கோப்புகளைத் திறக்கும் இலவச மென்பொருள்கள். கைப்பேசியில் ஸ்னாப்சீட் உள்ளது. பொத்தான்களின் பெயர் மாறலாம், வேலையின் வரிசை மாறாது. மேலே சொன்ன அந்தக் கொண்டைக்குருவி உலர்ந்துகொண்டிருந்தபோது எடுத்த ஒரு படத்தை நான் எப்படிச் செப்பனிட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சாய்வைச் சரிசெய்து, வெட்டினேன். பறவை இடப்பக்கம் பார்த்ததால் அலகுக்கு முன்னால் அதிக இடமும் வாலுக்குப் பின்னால் குறைந்த இடமும் விட்டேன். பார்வை போகும் திசையில் இடம் இல்லாவிட்டால் பறவை சுவரில் முட்டி நிற்பதுபோல் தோன்றும். 6000×4000 பிக்சல் படத்தை 3000×2000க்கு வெட்டினால் நான்கில் ஒரு பங்கு, அதாவது 6 மெகாபிக்சல், மிஞ்சும். அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன். வால் நுனியையோ கால் விரலையோ வெட்டும் விளிம்பு ஒருபோதும் வரக் கூடாது.

அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது ஒளியின் நிறச் சாயலைச் சரிசெய்வது. மாலை வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. அதை முழுவதும் நீக்கினால் மாலை என்பதே போய்விடும் என்பதால் பாதி மட்டும் குறைத்தேன். ஏற்காட்டுக் காப்பி நிழலில் எடுத்த படங்களில் இலைகளின் பச்சை பறவையின் வயிற்றில் படிந்திருக்கும்; அங்கே டின்ட் என்ற நகர்த்தியைப் பச்சையிலிருந்து சற்று மெஜந்தா பக்கம் தள்ள வேண்டும்.

மூன்றாவது, வெளிச்சம். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே முதலில் ஒட்டுமொத்த எக்ஸ்போஷரைச் சரிசெய்தேன்; பிறகு ஹைலைட்டை (வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, ஷேடோவை (இருண்ட பகுதிகளை) உயர்த்தினேன். இந்தப் பறவையின் தலை முழுக் கருப்பு. ஷேடோவை +30 அளவுக்கு உயர்த்தியபோது கொண்டையின் தனித்தனி இறகுகள் புலப்பட்டன. +70க்குத் தள்ளியபோது கருந்தலை சாம்பல் தலையாகி, மணல்மணலான புள்ளிகள் எழுந்தன. கருப்பு கருப்பாகவே இருக்க வேண்டும், அதற்குள் இறகின் வடிவம் மட்டும் தெரிய வேண்டும். ஏற்காட்டு மூட்டத்துப் படங்களில் கருப்புப் புள்ளியைச் சற்று இறக்கினாலே போதும். மூட்டம் நீக்கும் கருவியை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் இலைகள் கரிபிடித்ததுபோல் ஆகிவிடும்.

நான்காவது நிறம், இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. கொண்டைக்குருவியின் வாலடியில் உள்ள சிவப்புத் திட்டு மிகச் செறிவானது. முழுப் படத்தின் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) உயர்த்தினால் அந்தத் திட்டில் சிவப்புத் தகவல் வரம்பை முட்டி, இறகின் இழைகள் அழிந்து, பெயின்ட் பூசியதுபோல் ஆகிவிடும். நான் சிவப்பை மட்டும் தனியாகத் தேர்ந்து, அதன் செறிவைச் சிறிது குறைத்தேன்; உடனே இழைகள் திரும்பி வந்தன. தேன்சிட்டுகளிடம் இன்னும் கவனம் வேண்டும். ஆண் ஊதாத் தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டு விலகுவதால் வருகிறது. அதனால் கோணம் மாறினால் அதே பறவை ஊதாவாகவும் நீலமாகவும் வெறும் கருப்பாகவும் தோன்றும். நிழலில் கருப்பாக விழுந்த படத்தில் ஊதாவை மென்பொருளால் ஏற்றுவது நீங்கள் பார்க்காத ஒன்றைப் படத்தில் சேர்ப்பதாகும். வெயில் படும் வேறொரு நாளுக்காகக் காத்திருங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அதே ஆண் மஞ்சள் வயிறும் தொண்டை நடுவில் ஒரு கருங்கோடுமாக மாறிவிடும். நிறத்தை மிகைப்படுத்திய படத்தை வைத்துப் பறவையை இனங்காண முயல்பவர் தவறான முடிவுக்கு வந்துவிடுவார்.

ஐந்தாவதாக, நாய்ஸ் எனப்படும் மணல் போன்ற புள்ளிகளைக் குறைத்தலும் கூர்மையாக்கலும், இந்த வரிசையிலேயே. பின்னணிக்கு நாய்ஸ் குறைப்பை அதிகமாகவும் பறவைக்குக் குறைவாகவும் கொடுக்க வேண்டும். கூர்மையாக்கலைப் பறவையின் மீது மட்டும் மாஸ்க் இட்டுச் செய்யுங்கள். பின்னணிக்கும் கொடுத்தால் அடங்கிய புள்ளிகள் மீண்டும் எழும். அலகைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். கண்ணில் மட்டும் சிறிதளவு வெளிச்சம் கூட்டலாம்.

பின்னணியில் குறுக்கே வந்த ஒரு காய்ந்த குச்சியை நீக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தில் நீக்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் போட்டிக்கோ பதிவுக்கோ அனுப்பும் படத்தில் எதையும் சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். அந்தக் குச்சி கண்ணை உறுத்தினால் மறுநாள் காலை வாளியைத் திருப்பி வைத்து மீண்டும் எடுங்கள். கொண்டைக்குருவி அதே நேரத்துக்கு வரும்.

முடிவில், நீண்ட பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபெக் தரம் 85 என்று ஏற்றுமதி செய்தால் திரையில் பார்ப்பதற்குப் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது. மூல ரா கோப்பை மாற்றாமல் வைத்திருங்கள். ஓராண்டு கழித்து உங்கள் கண் தேர்ந்த பிறகு அதே கோப்பை மீண்டும் திறந்தால் வேறு விதமாகச் செப்பனிடுவீர்கள்.

கோப்பின் பெயரில் தேதி, இடம், பறவையின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் கலந்துகொள்ளலாம்; பொங்கல் நாள்களில் உங்கள் புழக்கடையிலேயே பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலாகப் பதிவிட்டு, எடுத்த படங்களையும் இணைக்கலாம். பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடக்கும் உலகளாவிய புழக்கடைப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. பெயர் தெரியாத பறவையின் படத்தைப் பதிவிடும்போது செப்பனிட்ட படத்தோடு செப்பனிடாத ஒன்றையும் சேர்த்து இணையுங்கள். இனங்காண உதவுபவர்களுக்கு இறகின் உண்மையான நிறம் தெரிய வேண்டும். முன்பனிக் காலத்தில் நம் வேலிகளுக்கு வரும் கதிர்க்குருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவுபவற்றில் அவற்றின் இறகின் மங்கிய பழுப்பும் ஒன்று.